அந்தப் பக்கம் ஏன் ஒருத்தரும் போவதில்லை

எங்கள் கல்லூரி அணி முதல் பாதியில் வலப்பக்கத்தால் மட்டும் தாக்கும். இரண்டாம் பாதியில் இடப்பக்கத்தால் மட்டும் தாக்கும். இது என்ன கோதாரித் திட்டம் என்று இரண்டு வருடமாக மண்டையைப் போட்டு உடைத்திருக்கிறேன். ஒரு கொப்பியில் படம்கூடக் கீறிப் பார்த்தேன். ஒரு இழவும் விளங்கவில்லை.

எங்கள் கல்லூரி என்கிறேனே தவிர, அது என் கணவர் படித்த கல்லூரி. யாழ்ப்பாணத்து ஆண்கள் கல்லூரியில் நான் எங்கே படிப்பது! லண்டனில் இருக்கும் பழைய மாணவர் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு கோடையிலும் உதைபந்தாட்டப் போட்டி வைக்கும். படித்தவர்களுக்கு முழங்கால் போய்விட்டதால் இப்போது அவர்களின் பிள்ளைகள் ஆடுகிறார்கள். மோர்டனிலிருந்து நாங்கள் பொரித்த ரோல்ஸும் மடக்குக் கதிரையுமாகப் போவோம். என் கணவர் ரோல்ஸுக்காகப் போவார், நான் ஆட்டத்துக்காகப் போவேன். கலியாணத்தோடு என் தலையில் விழுந்த அணி இது. ஆனால் அவரை விட எனக்குத்தான் அதன் மேல் பைத்தியம்.

முந்தி நன்றாகத்தான் ஆடினார்கள். பிறகு என்ன நடந்ததோ தெரியாது. பந்தை வாங்குவான், திரும்புவான், பின்னுக்குக் கொடுப்பான். அவன் இன்னும் பின்னுக்குக் கொடுப்பான். மறுபக்கத்தில் கலியாண மண்டபம் கட்டுகிற அளவுக்கு வெளி கிடக்கும். அதைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள்.

"அங்கால போடடா! அங்கால!" என்று தொண்டை கிழியக் கத்துவேன். பந்து இங்காலேயே கிடந்து உருளும். கடைசியில் ஒரு கோலால் தோற்போம்.

பயிற்சியாளர் எழுபதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் கல்லூரி அணிக்குத் தலைவராக இருந்தவர். எங்கள் சங்கத்தில் நீ எந்த வருடம் படித்தாய் என்பதுதான் பதவி. மூத்தவர் சொன்னால் இளையவர் எதிர்த்துக் கதைக்கக்கூடாது. என் கணவருக்கு அறுபது வயது, இன்றைக்கும் அவரைக் கண்டால் சேர்ட் பொத்தானைப் பூட்டுவார். நான் அந்தக் கல்லூரியில் படிக்கவில்லை, ஆகவே எனக்கு மூத்தவரும் இல்லை, இளையவரும் இல்லை. பயிற்சியாளரை மாற்ற வேண்டும் என்று வருகிற பொதுக்கூட்டத்துக்கு நான்தான் கடிதம் எழுதினேன். ஆம்பிளைகள் எல்லாரும் வாயைத் திறக்காமல் கையெழுத்தை மட்டும் வைத்தார்கள், வீரர்கள்!

மனைவி செத்த பிறகு பயிற்சியாளருக்கு அந்த மைதானத்தை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதினேன். கோபம் அப்படி.

இந்தக் கோடையில் அரையிறுதி. பாதி ஆட்டத்தில் பூச்சியத்துக்கு ஒன்று என்று பின்னால் நிற்கிறோம், எல்லாம் அதே ஒற்றைப் பக்கத்து ஆட்டம். எனக்குப் பொறுக்கவில்லை. இடைவேளையில் அணித் தலைவனிடம் நேரே போனேன். பிள்ளை பல் டொக்டர், நல்ல பொடியன், தோடம்பழம் சாப்பிட்டுக்கொண்டு நின்றான்.

"தம்பி, அந்தப் பக்கம் என்ன, பேயோ நிக்குது?"

"அன்ரி, பிளீஸ். மெதுவாக் கதையுங்கோ."

"ஏன் மெதுவா? உங்கட கோச்சுக்கு மண்டையிலை ஒண்டுமில்லை எண்டு ஊருக்கே தெரியும்."

அவன் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனான். "அங்கிளுக்கு அவ்வளவு தூரம் கண் தெரியாது அன்ரி. சுகர். பந்து தூரப் போனா எங்கட முகத்தைப் பாத்துக்கொண்டு நிப்பார், என்ன நடக்குதெண்டு. எங்களாலை அதைப் பாக்க ஏலாது. அதான் நாங்கள் அவற்றை கதிரைக்குக் கிட்டவே விளையாடுறம்."

"அவர் சொன்னவரோ அப்பிடி விளையாடச் சொல்லி?"

"இல்லை இல்லை. ஒருத்தரும் சொல்லேல்லை. அப்பிடியே பழகிட்டுது."

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறுவார்கள், அவருடைய கதிரை மாறாது. முதலில் வலம், பிறகு இடம். அடக் கடவுளே! எனக்கு ஏசுவதா அழுவதா என்று தெரியவில்லை. இது மரியாதையா, மடைத்தனமா? ஒரு மனுசன் வெட்கப்படக்கூடாது என்பதற்காகப் பதினொரு பேர் பாதி மைதானத்தை விட்டுக்கொடுப்பார்களா? அதுவும் இங்கே பிறந்து வளர்ந்ததுகள்!

ஆட்டம் தொடங்கிவிட்டது. என் கால் தன்பாட்டில் பயிற்சியாளரிடம் போனது. பக்கத்தில் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

"ஆர்?"

"நான்தான் அண்ணை."

"ஓ, பிள்ளையோ! இண்டைக்கு உன்ரை சத்தத்தைக் காணேல்லை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ விளையாட்டுத் தெரிஞ்சவள், நீயே சொல்லு. ஏன் இவங்கள் அங்காலப் பக்கம் போறாங்களில்லை? பயிற்சியிலை படிச்சுப் படிச்சுச் சொல்லுறன். இங்க வந்தா நீயும் கத்துறாய், நானும் கத்துறன், ஒருத்தனும் கேக்கிறானில்லை. எனக்கு விளங்கேல்லைப் பிள்ளை. நான் சொல்லிக் குடுக்கிறது பிழையோ?"

இந்த மனுசனும் நானும் இரண்டு வருடமாக ஒரே வரியைத்தான் கத்தியிருக்கிறோம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் விளையாட்டுத் தெரியாதவர் என்று பெயர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். சொன்னால் பொடியங்கள் இவ்வளவு நாளும் மறைத்தது வெளியே வரும். எது குறைந்த பாவம் என்று யோசிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

"அது உங்களுக்காக அண்ணை," என்றேன். "அங்கால போனா உங்களுக்குத் தெரியாதாம்."

அவர் கையைத் தொடையில் தேய்த்தார். பிறகு எழும்பிக் கதிரையை மடக்கினார்.

"எங்கை அண்ணை?"

"அங்காலைக்கு. வா."

கதிரையை நான் வாங்கிக்கொண்டேன். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கோலுக்குப் பின்னால் சுற்றி நடந்தோம். எதிரணிக் கோல்காப்பாளன் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தான். மறுபக்கத்தில் புல்லில் கதிரையை விரித்து அவரை இருத்தினேன். தலைவன் பந்தைக் காலுக்குள் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குறுக்கே ஒரு அடி அடித்தான். இரண்டு வருடமாக நான் கேட்ட அடி அது. சந்தோசத்தில் துள்ளினேன்.

துள்ளி முடிய முதல் பார்த்தேன், பந்துக்குப் பின்னால் எங்கள் ஆட்கள் எல்லாரும் ஓடி வந்துவிட்டார்கள். எங்களுக்கு முன்னாலேயே ஆளை ஆள் இடித்துக்கொண்டு, பின்னுக்குக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"இப்ப அங்கால ஆர் நிக்கிறாங்கள்?" என்று கேட்டார்.

நாங்கள் விட்டுவந்த பக்கத்தைப் பார்த்தேன். "ஒருத்தரும் இல்லை அண்ணை. எல்லாரும் உங்களுக்கு முன்னாலதான் நிக்கிறாங்கள்."

தலையை ஆட்டினார்.

"கூட்டத்துக்கு ஒரு கடிதம் எழுதினியாமே. அதைக் கொண்டுவா. நான் இருக்குமட்டும் இந்தப் பிள்ளையள் கோல் அடிக்காதுகள். நானும் கையெழுத்து வைக்கிறன். எந்த இடத்திலை எண்டு விரலாலை காட்டிவிடு, அதுவே காணும்."

கடிதம் என் கைப்பைக்குள்தான் இருந்தது. வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று பொய் சொன்னேன்.