262149-ஐப் பத்தால் வகுத்தால்

பயிற்சிக்கு எடுத்த எங்கள் இருவரில் ஒருத்திக்குத்தான் வேலை நிரந்தரம் என்று விமான் நகர் அலுவலகத்தில் டீம் லீட் முதல் வாரமே சொல்லிவிட்டார். ஒருத்தி நான். தேஹு ரோடு ராணுவ டிப்போவில் பெட்டி தூக்குகிறவரின் மகள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். மற்றவள் கோயம்புத்தூர்க்காரி. அவளுடைய அப்பா, அம்மா இருவருமே கல்லூரி ஆசிரியர்கள்.

இருவருக்கும் ஒரே வேலையைக் கொடுத்தார். ஒரு கருவியின் கெர்னலுக்குள், அதாவது அதை இயக்கும் மைய நிரலுக்குள், ஓர் எண்ணைப் பத்தால் வகுக்க வேண்டும். ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான முறை ஓடுகிற வரி அது. எங்கள் சிப்புக்குப் பெருக்கத் தெரியும், வகுக்கத் தெரியாது; வகுக்கச் சொன்னால் படிப்படியாகக் கழித்துக்கொண்டு இழுக்கும். நான் நேராக வகுத்தேன். விடை எப்போதும் சரி, வேகம்தான் இல்லை. அவள் வகுக்கவே இல்லை. 52429-ஆல் பெருக்கி, வந்ததில் கடைசிப் பத்தொன்பது பிட்டுகளை, அதாவது இரும இலக்கங்களை, வெட்டி எறிந்தாள். மிச்சம் நிற்பது பத்தால் வகுத்த விடை. பல மடங்கு வேகம்.

கேன்டீனில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"உங்க வீட்ல வேற யாரு படிச்சிருக்கா?"

"யாரும் இல்ல. நான்தான்."

"அதான் இன்னும் வாய்ப்பாடு ஒப்பிச்சுட்டே வகுக்கறே."

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்று லோக்கல் ரயிலில் வீடு திரும்பும்போது அவளுடைய 52429-ஐ நோட்டில் எழுதிப் பார்த்தேன். இருக்க வேண்டியதைவிடத் துளி பெரிய எண். சின்ன எண்களில் அந்தத் துளி வெட்டுப்படும் பகுதியோடு போய்விடும். எண் வளர வளர அதுவும் வளரும். சிஞ்ச்வட் ஸ்டேஷன் வருவதற்குள் முதல் தப்பு விழும் இடத்தைப் பிடித்துவிட்டேன். 262149. மீதியை விட்டுவிட்டால் விடை 26214 வர வேண்டும். அவளுக்கு 26215 வரும்.

மறுநாள் அவளே என் இருக்கைக்கு வந்தாள்.

"ஒரு லட்சம் வரைக்கும் ஒவ்வொரு எண்ணா ஓட்டிப் பாத்துட்டேன். ஒண்ணுகூடத் தப்பல. போதுமில்ல?"

"தாராளமா போதும்," என்றேன்.

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் லீட் என்னைப் பார்த்து, "வகுக்காமயே வகுத்திருக்கா பாரு. நீயும் இருக்கியேம்மா," என்றார்.

"சார், 262149 போட்டுப் பாருங்க."

போட்டார். திரையில் 26215.

"டெஸ்ட் பண்ணியா இல்லையா?" என்று அவளைக் கேட்டார்.

"லட்சம் வரைக்கும் பண்ணேன் சார். இவகிட்டக்கூடக் கேட்டேன். போதும்னா."

"கோட் யாரோடது? அவளோடதா?"

அவள் அழுதாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிரந்தரம் யாருக்கு என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. லீட் என் பக்கம் திரும்பினார்.

"உன்னோடது சரிதான். ஆனா இந்த ஆமையை எவன் வாங்குவான்? தூக்கிப் போட்டுட்டு அவளோடதைச் சரி பண்ணு."

இரண்டு எண்களைத்தான் மாற்றினேன். பெருக்கும் எண்ணைப் பெரிதாக்கி, வெட்டும் பிட்டுகளைக் கூட்டினேன். எந்த எண்ணைக் கொடுத்தாலும் இனித் தவறாது. கோப்பின் தலையில் அவள் பெயரை அழித்து என் பெயரை அடித்துக்கொண்டிருந்தபோது, அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் என் பின்னால் நின்றாள்.

"அது என் வரிதானே?"

"இப்ப சரியா வருது," என்றேன்.