அக்காவின் அதிமதுரம்

மருமகள் அடுப்பில் திப்பிலி வறுக்கிறாள். அந்தக் கார மணம் என்னை எங்கள் பழைய தறி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்போது எனக்கும் அக்காவுக்கும் ஒரே வாரத்தில் இருமல். வைத்தியர் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். எனக்குக் கபம் என்று திப்பிலிப் பொடியும், அக்காவுக்குப் பித்தம் என்று அதிமதுரப் பொடியும் கொடுத்தார்.

"இருமல் ஒண்ணுதான்பா, உடம்பு வேற" என்றார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, நிரூபித்தவனே நான்தான். அதிமதுரம் இனித்தது. அதனால் அக்காவுக்குத் தெரியாமல் பொடிகளை மாற்றி வைத்தேன்.

அக்காவின் வாய் வெந்துபோயிற்று. தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக்கொண்டிருந்த அப்பா, வைத்தியரை வழிமறித்தார்.

"இன்னாய்யா மருந்து குடுத்த? பொண்ணு எச்சி முழுங்க முடியாம அழுதுக்கினு இருக்குது!"

"மருந்து மாறியிருக்குதுபா. ஊட்ல கேட்டுப் பாரு."

"உன் தப்ப எங்க தலையில கட்டாத!"

பாவு பிடித்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. பிறகு எங்கள் தெருவில் யாரும் அவரை அழைக்கவில்லை.

இப்போதுதான் அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"காரம் நாக்குல பட்டதுமே தெரியும்டா. சொல்லியிருந்தா அப்பா உன் தோல உரிச்சிருப்பாரு" என்றாள்.

என்னைக் காப்பாற்ற அவளும் அந்த வைத்தியரைக் கைவிட்டிருக்கிறாள்.