மலைப் பதிவேட்டில் மூன்று பேர்

எனக்கு எட்டு வயதாக இருந்த குளிர்காலத்தில், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பா என்னைப் பனிமலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்பாவுக்குப் பனியில் நடப்பதென்றால் பெரும் விருப்பம் என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது, அவர் கணிதம் படிப்பிக்கிறார், பனியில் நடக்கிறார் என்று இரண்டு வரியில் முடித்துவிட்டு மிச்சத்தை எங்கள் காரைப் பற்றி எழுதினேன்.

உண்மையில் அப்பாவுக்குக் குளிரைக் கண்ணில் காட்டக்கூடாது. ஆஸ்திரேலியாவில் குளிர் தொடங்க முன்னரே, ஏப்ரல் மாதத்திலேயே இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு திரிகிற மனிதர் அவர். காலையில் குசினிக்குள் வந்தால் முதலில் சுடுதண்ணீர்க் கேத்தலின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பார். இதையெல்லாம் நான் தினமும் பார்த்தேன். ஆனால் பார்த்ததையும் நம்பியதையும் ஒன்றுசேர்த்து யோசிக்க அப்போது எனக்குத் தெரியவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் இருந்த வெரிபீ அப்போது மெல்பேர்ண் நகரத்தோடு ஒட்டாத சிற்றூராக இருந்தது. எங்கள் மரவீட்டுக்குப் பின்னால் ரயில்பாதை, அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் கோவா விளையும் மரக்கறித் தோட்டங்கள். அங்கேயிருந்த உயர்தரப் பள்ளியில் அப்பாவுக்கு வேலை. தமிழ் பேசுகிற இன்னொரு வீட்டுக்குப் போவதென்றால் இரண்டு ரயில் மாற வேண்டும். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

அம்மா பகல் முழுவதும் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு முன் அறைக் கதிரையில் இருப்பா. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது காலையில் இருந்த மாதிரியே இருப்பா. "இஞ்ச ஒரு சத்தமும் இல்லை" என்று ஒருநாள் என்னிடம் சொன்னா. அப்போது சரக்கு ரயில் ஒன்று வீடு அதிரப் போய்க்கொண்டிருந்தது. அம்மாவுக்குக் காதில் ஏதோ கோளாறு என்று நினைத்து, அப்பாவிடம் சொல்லி வைத்தேன்.

ஈஸ்டருக்கு முன்னர் அம்மா தன் தங்கையின் கலியாணத்துக்கென்று தம்பியையும் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனா. என்னையும் கூட்டிக்கொண்டு போகக் கேட்டதாகவும், படிப்புக் குழம்பும் என்று அப்பா மறித்ததாகவும் ஞாபகம். குளிர் முடிய வந்துவிடுவா என்று அப்பா எனக்குச் சொன்னார். புறப்படும் அன்று அம்மா தன்னுடைய தடித்த குளிர்கோட்டைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டா. அதில் எனக்கு வியப்பு ஒன்றுமில்லை. குளிர் முடிந்த பிறகு வரப்போகிறவவுக்குக் கோட் எதற்கு?

அதன் பிறகு எங்கள் வீட்டில் திங்கள் முதல் வெள்ளி வரை ஒருவாறு கழிந்தது. சனிக்கிழமை உடுப்புத் தோய்க்கவும் சாமான் வாங்கவும் சரியாக இருந்தது. ஞாயிறுதான் நகரவில்லை. தெருவில் மற்ற வீடுகளின் முன்னால் உறவினரின் கார்கள் வந்து நிற்கும். வேலிக்கு மேலால் இறைச்சி சுடுகிற மணம் வரும். அப்பா ஒரு அறையிலும் நான் ஒரு அறையிலும் இருந்து கொப்பி திருத்துவதும் படம் கீறுவதுமாக இருப்போம். ஜூன் மாதத்தில் யாரோ சக ஆசிரியர் பனிமலைப் பாதைகளைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். அப்பா தேவாலயத்துக் கடையில் பழைய சப்பாத்து இரண்டு சோடி வாங்கிக்கொண்டு வந்தார். எனக்கு வாங்கியது இரண்டு அளவு பெரிது. மூன்று காலுறை போட்டு அதைச் சரிக்கட்டினோம்.

விடிய முன்னர் புறப்படுவோம். மெல்பேர்ண் நகரத்தைக் குறுக்கே கடந்து, ஹீல்ஸ்வில் தாண்டியதும் மரங்கள் திடீரென்று உயர்ந்து வானத்தை மூடிவிடும். மேரிஸ்வில் என்ற ஊரில் பனியில் சறுக்காமல் சக்கரத்துக்குப் போடுகிற சங்கிலியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மேலே ஏறுவோம். காரின் ஹீட்டர் வேலை செய்வதில்லை. என் கால்களைச் சுற்றி ஒரு போர்வை, அப்பாவின் கால்களைச் சுற்றி ஒன்றுமில்லை.

மலையில் கார்கள் நிறுத்துமிடத்தில் ஒரு சிறு மரக்குடில் இருந்தது. அதன் வாசலில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் நூலில் கட்டிய பென்சிலோடு ஒரு தடித்த புத்தகம். நடக்கப் போகிறவர்கள் பெயரையும், எத்தனை பேர், எந்தப் பாதை, எத்தனை மணி என்பதையும் எழுத வேண்டும். திரும்பி வந்ததும் வந்த நேரத்தைப் போட வேண்டும். யாராவது பனிக்குள் அகப்பட்டுவிட்டால் தேடிப் போவதற்கு அது. அப்பாவுக்கு அந்தப் புத்தகம் பிடித்திருந்தது. கரும்பலகையில் எழுதுகிற மாதிரி வடிவான எழுத்தில் ஆறுதலாக நிரப்புவார்.

நான் சொல்ல வந்தது ஓகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிறு. அந்த வெள்ளிக்கிழமை அம்மாவிடமிருந்து கடிதம் வந்திருந்தது. முதலில் வந்த கடிதங்களை அப்பா எனக்கு முழுதாக வாசித்துக் காட்டுவார். பிறகு பாதி வாசித்தார். இதை வாசிக்கவேயில்லை. எல்லாரும் சுகமாம், தம்பி நடக்கத் தொடங்கிவிட்டானாம் என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு அப்பா குடில் வாசலில் நின்று எழுதும்போது, நான் காரின் கதவில் சாய்ந்துகொண்டு காலுறைக்கு மேல் பொலித்தீன் பை சுற்றிக்கொண்டிருந்தேன். அதனால் அவர் என்ன எழுதினார் என்று பார்க்கவில்லை.

பாதை நெடுக உயரமான கம்பங்கள் நட்டு, நுனியில் சிவப்புத் தகரம் அடித்திருப்பார்கள். பனி மூடினாலும் அதைப் பார்த்து நடக்கலாம். இரண்டு பக்கமும் வளைந்து நெளிந்த யூக்கலிப்ரஸ் மரங்கள். அவற்றின் பட்டையில் பச்சையும் செம்மஞ்சளும் வரிவரியாக, நனைந்தால் வர்ணம் பூசியது போலிருக்கும். எங்கேயாவது ஒரு கிளை பாரம் தாங்காமல் பனியைக் கொட்டிவிட்டு நிமிரும். அந்தச் சத்தம் அடங்கியதும் முன்னிலும் அமைதியாகிவிடும்.

"என்ர அடியிலயே காலை வைச்சு வா, பிள்ளை" என்று அப்பா முன்னால் நடந்தார். எனக்கு எட்ட வேண்டும் என்று தன் அடிகளைக் கிட்டக் கிட்ட வைப்பார். மற்ற ஞாயிறுகளில் ஒவ்வொரு கம்பத்தடியிலும் நின்று ஒரு வாய்ப்பாட்டுக் கேள்வி கேட்பார். சரியாகச் சொன்னால்தான் அடுத்த கம்பம். அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பதினேழு மடங்கு வரை நான் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தேன். அது வீணாகப் போகிறதே என்ற கவலையில், ஆறேழு கம்பம் கடந்ததும் நானே எனக்குக் கேட்டு நானே மெதுவாகப் பதில் சொல்லிக்கொண்டு நடந்தேன்.

எதிரே ஒரு குடும்பம் வந்தது. தகப்பன் சறுக்குப் பலகையில் சின்னப் பெடியன் ஒருவனை இழுத்துக்கொண்டு வந்தார். தாய் பின்னால் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தா. அப்பா அவர்களுக்காகப் பாதையை விட்டு இறங்கி, முழங்கால் புதையப் பனிக்குள் நின்றார். அவர்கள் வணக்கம் சொல்லிப் போய் வளைவில் மறைந்த பிறகும் அவர் பாதைக்கு ஏறவில்லை. குளிருது அப்பா என்று நான் சொன்ன பிறகுதான் ஏறினார்.

வழக்கமாக நாங்கள் ஒரு தட்டைப் பாறையில் இருந்து பாணும் முட்டையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம். அன்று சாப்பிட்டு முடிந்ததும், இதிலேயே இரு, பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அப்பா மேலே போனார். முதலில் அவருடைய முதுகு தெரிந்தது. பிறகு மூடுபனி வந்து அவரையும் கம்பங்களையும் மூடியது. நான் பதினேழு மடங்கை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் சொல்லி முடித்தேன். கறுத்தப் பறவை ஒன்று வந்து முட்டைக் கோதைக் கொத்திவிட்டுப் போனது. அப்பா என்று கூப்பிட்டேன். பனிக்குள் குரல் தூரம் போகாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வாயிலிருந்து வெளியே வந்து என் முன்னாலேயே விழுந்துவிட்டது. இரண்டாம் தரம் கூப்பிட எனக்குத் துணிவு வரவில்லை. கூப்பிட்டும் வராவிட்டால் என்ன செய்வது?

எவ்வளவு நேரமென்று தெரியாது. அப்பா வந்தபோது அவருடைய தொப்பியில் பனி ஒரு விரல் தடிப்பில் இருந்தது. நடந்து வந்த மனிதரின் தொப்பியில் அவ்வளவு பனி சேராது. பள்ளத்தாக்குத் தெரிந்ததா என்று கேட்டேன். ஒன்றும் தெரியவில்லை என்றார்.

நாங்கள் கீழே வர நாலரை மணி தாண்டிவிட்டது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. கார்கள் நிற்குமிடத்தில் எங்களுடையது மட்டும்தான். என் கால்விரல்கள் மரத்துப்போய் நான் அழத் தொடங்கியிருந்தேன். அப்பா என்னைத் தூக்கிக் காருக்குள் வைத்து, போர்வையைச் சுற்றிவிட்டு, புத்தகத்தில் நேரம் போட மறந்து காரை எடுத்துவிட்டார்.

குடிலிலிருந்து ஒருவர் கையைக் காட்டிக்கொண்டு ஓடிவந்தார். அந்த மலைப் பூங்காவின் காவலர். தாடியுள்ள, வயதான வெள்ளைக்காரர். அவருக்குப் பின்னால் இளைஞர் ஒருவர் கயிறும் விளக்கும் தோளில் மாட்டி, புறப்படத் தயாராக நின்றார். காவலர் குனிந்து முன் சீட்டைப் பார்த்தார். பின் சீட்டைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், மனைவி எங்கே என்று கேட்டார்.

அப்பாவுக்கு விளங்கவில்லை. காவலர் புத்தகத்தைக் கொண்டுவந்து கண்ணாடியருகில் விரித்துக் காட்டினார். அப்பாவின் வடிவான எழுத்தில் எங்கள் குடும்பப் பெயர் இருந்தது. திரு, திருமதி, மகள். பக்கத்துக் கட்டத்தில் மூன்று.

அப்பா அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். பிறகு, பிழையாக எழுதிவிட்டேன், நாங்கள் இரண்டு பேர்தான் வந்தோம் என்றார். காவலர் அதை உடனே நம்பவில்லை. மனைவியோடு மேலே போனதாக எழுதிய ஒரு மனிதர், இருள்கிற நேரத்தில் மனைவி இல்லாமல் இறங்கி வந்து, யாரிடமும் சொல்லாமல் புறப்படுகிறார். அவர் எப்படி நம்புவார்? எஞ்சினை நிறுத்தித் திறப்பைக் கழற்றித் தரச் சொன்னார். கீழே ஊரில் போலீசுக்கும் சொல்லியாகிவிட்டதாம். அப்பா கொடுத்தார்.

காவலர் என் பக்கத்துக் கதவைத் திறந்து, பனியில் முழங்கால் ஊன்றி இருந்தார்.

"உன்னுடைய அம்மா எங்கே, கண்ணு?"

"சிலோனில்."

இன்றைக்கு உங்களோடு நடந்தாவா என்று கேட்டார். இல்லை என்றேன். எப்போது போனா என்றார். ஈஸ்டருக்கு முன்னர், தம்பியோடு, சித்தியின் கலியாணத்துக்கு என்றேன். ஒவ்வொரு கேள்விக்கும் பிழையில்லாத ஆங்கிலத்தில் பதில் சொன்னதில் எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அப்பாமேல் கோபமும் வந்தது. கணக்கு வாத்தியார், மூன்றுக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு வெள்ளைக்காரர் முன்னால் வெட்கப்பட வைத்துவிட்டாரே என்று.

காவலர் இளைஞரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் கயிற்றை இறக்கி வைத்தார்.

எங்களைக் குடிலுக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில் என்னை இருத்தி, சப்பாத்தைக் கழற்றி, சூடான கொக்கோ தந்தார்கள். இளைஞர் போலீசுக்குத் தகவல் சொல்லப் பின்னறைக்குப் போனார். அப்பா மர வாங்கிலில் உட்கார்ந்து தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் காவலர் அவருக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். இப்போது வேறு குரலில் கேட்டார். மனைவி எப்போது வருகிறா?

அப்பா ஆங்கிலத்தில்தான் சொன்னார். மெதுவாக, ஆனால் எனக்குக் கேட்கும்படியாக.

"அவ வரமாட்டா."

காவலர் புத்தகத்தை அப்பாவின் மடியில் வைத்துப் பென்சிலைக் கொடுத்தார். அப்பா மூன்றை வெட்டி இரண்டு என்று எழுதினார். எழுத்துக் கோணிப்போயிருந்தது. திருமதி என்பதை வெட்டாமல் விட்டார். காவலரும் அதைக் கேட்கவில்லை.

மலையால் இறங்கும்போது காவலர் குடிலுக்குப் பின்னால் நின்ற தன் வண்டியில் எங்களுக்குப் பின்னாலேயே வந்தார். வளைவுகளில் அவருடைய வெளிச்சம் எங்கள் காருக்குள் நுழைந்து அப்பாவின் பிடரியில் விழும், போகும். மேரிஸ்வில்லில் ஒருதரம் ஹோர்ன் அடித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

அம்மா அங்கேயே தங்கிவிட முடிவெடுத்ததை அப்பா எனக்குச் சொன்னது டிசம்பரில், நத்தார் விடுமுறையில். ஓகஸ்ட்டில் வந்த அந்தக் கடிதத்தில் அது எழுதியிருந்ததென்பது எனக்குத் தெரியவந்தது, நான் பல்கலைக்கழகம் போன பிறகு. நாலு மாதம் அப்பா அதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. பெயர் தெரியாத அந்த மனிதரிடம், அந்தக் குடிலுக்குள் ஒரேயொரு முறை சொல்லியிருக்கிறார். அப்போது நான் மூன்று அடி தூரத்தில் கொக்கோ குடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சொற்கள் எனக்கு நன்றாகக் கேட்டன. அம்மா பனிமலைக்கு வரமாட்டா என்று அப்பா சொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். அதில் பிழையொன்றும் எனக்குத் தெரியவில்லை. மார்கழிப் பனிக்கே தலையில் துணி கட்டுகிற அம்மா இந்தக் குளிருக்குள் எப்படி வருவா? அதனால் ஹீல்ஸ்வில்லை நெருங்கும்போது, நான் அப்பாவை மன்னித்துவிட்ட பெரிய மனதோடு அவருக்கு ஒரு புத்தி சொன்னேன்.

"அம்மா வந்தாப் பிறகு அவவை இஞ்ச கூட்டிக்கொண்டு வரவேண்டாம் அப்பா. தடிமனும் இருமலும் பிடிச்சிடும்."

"ஓம்" என்றார் அப்பா.

மறுபேச்சு இல்லாமல் அவர் ஒத்துக்கொண்டது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு நித்திரையாகிவிட்டேன்.