புது விமானத்துக்கு எலுமிச்சம்பழம்

திருவொற்றியூர்க் குப்பத்தில் பிறந்த சுப்புராயன் கடலுக்குப் பயந்ததே இல்லை, விமானத்துக்குத்தான் பயம். இத்தனைக்கும் மீனம்பாக்கத்தில் நூர்பஹர் ஏர்வேஸுக்குச் சரக்கேற்றித்தான் அவர் பிழைப்பே ஓடியது.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த வளைகுடாக் கம்பெனியிடம் இருந்தது யாரோ ஓட்டிக் கழித்த ஒற்றை விமானம். எப்போதாவது வரும், காசிமேட்டு நண்டையும் வஞ்சிரத்தையும் ஐஸ் பெட்டியோடு வாங்கிக்கொண்டு போகும். அது முக்கி முனகி மேலே எழும்பும்வரை இவருக்கு உயிர் தொண்டைக்குழியில் நிற்கும். பிறகு கம்பெனிக்கு அப்படியொரு யோகம். லண்டன், சிட்னி என்று பறந்தது. விமானமாக வாங்கித் தள்ளியது. விமானம் பெருகப் பெருக இவர் பயமும் பெருகியதுதான் மிச்சம்.

புது விமானம் முதன்முறை சென்னைக்கு வருகிறதென்றால், புதுப் படகுக்குச் செய்வதுபோல அவர் மனைவி பச்சையம்மா இரண்டு எலுமிச்சம்பழத்தில் இரும்பாணி குத்தித் தருவாள். காத்துக்கருப்பு அண்டக்கூடாதாம். இவர் ஆணியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பழத்தை மட்டும் இருபக்கச் சக்கரங்களுக்கும் பின்னால் வைத்துவிடுவார். விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும்போது பழம் நசுங்கும். இவருக்கும் மூச்சு வரும். மாட்டினால் வேலை போய்விடும் என்று தெரியாமலில்லை. பயந்தவனிடம் போய் விதிமுறை பேசி என்ன பயன்?

அன்று வந்தது அதுவரை அவர் பார்த்திராத பெரிய விமானம். சூப்பர்வைசர் தலை தெரிந்ததும் அவசர அவசரமாகப் பழங்களை வைத்துவிட்டு நகர்ந்தார். ஆட்கள் ஏறி, கதவு சாத்தி, இழுவை வண்டி விமானத்தைத் தள்ளத் தொடங்கியபோதுதான் பைக்குள் கைவிட்டுப் பார்த்தார். ஆணி இல்லை. இரண்டும் பழத்தோடு போய்விட்டன.

வேகமெடுக்கும்போது டயர் வெடித்தால்? ஜன்னலில் ஒரு குழந்தை கையாட்டிக்கொண்டிருந்தது. இவர் தலைக்குமேல் இரண்டு கைகளையும் குறுக்கே போட்டபடி, வண்டியோட்டும் ஜஹாங்கீரை நோக்கி ஓடினார்.

“நிறுத்து ஜஹாங்கீரு! டயர்ல ஆணி ஏறிகீது!”

வண்டி நின்றது. என்ஜினீயர் சுடலைராஜ் குனிந்து பார்த்தார். இடப்பக்க டயரில் ஒரு ஆணி கொண்டைவரை இறங்கியிருந்தது.

“எந்தப் படுபாவி வேலையோ! நல்லவேளை, உங்க கண்ணுல பட்டுச்சு. இத்தனை உசுரையும் காப்பாத்திட்டீங்கண்ணே” என்று சுப்புராயன் முதுகில் தட்டினார். வாக்கிடாக்கியில், “ஒரே டயர்தான், மாத்திட்டுக் கிளம்பிடலாம்” என்றார்.

எப்போதும் எரிந்து விழும் சூப்பர்வைசர்கூடக் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலையும் தப்பும், நல்ல பேரும் மிஞ்சும். சுப்புராயன் என்ஜினீயரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“அந்தாண்ட டயர்லயும் ஒண்ணு கீது சார். ரெண்டையும் நான்தான் வெச்சேன்.”