ஐப்பசி வெயிலுக்கு ஓர் உத்தரவு

வெயிலில் காயவைக்கச் சொல்லி உத்தரவு போட்டவன் ஐப்பசி மாதத்துக் குன்னூரைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான். ஐப்பசியில் இங்கே வெயில் என்பது கேள்விப்படுகிற சமாசாரம். விடிந்தால் மழை, மழை விட்டால் மூடுபனி, அது கலைவதற்குள் மறுபடியும் மழை. உடுத்திய வேட்டியே உடம்புச் சூட்டில்தான் உலர வேண்டும்.

பிளேக் வந்த வருஷம் அது. கடைவீதியில் முதலில் எலிகள் செத்து விழுந்தன. பிறகு மனிதர்கள் செத்தார்கள். சர்க்கார் புதுப்புதுச் சட்டமாகப் போட்டது. தண்டோராக்காரன் வீதிமுனையில் நின்று தமுக்கைத் தட்டினாலே நாங்கள் கடைக்கதவைப் பாதி சாத்திவிடுவோம். சந்தை கூடக் கூடாது என்றார்கள். தானியக் கடைகளின் தரையைத் தோண்டிச் சுண்ணாம்பு போடச் சொன்னார்கள். கடைசியில் ஜவுளிக்காரர்களிடம் வந்தார்கள். கீழேயிருந்து மலையேறி வந்த துணி எதுவானாலும் திறந்த வெளியில் விரித்து, சூடேறும்வரை வெயிலில் காட்ட வேண்டும். சுகாதார இன்ஸ்பெக்டர் தொட்டுப் பார்த்து முத்திரை குத்திய பிறகே விற்கலாம். சரக்கு வந்த வாரத்துச் சனிக்கிழமைக்குள் முத்திரை விழாவிட்டால் எரித்துவிடுவார்கள்.

எங்கள் சரக்கு அப்போதுதான் பர்லியார் தாண்டி மாட்டு வண்டிகளில் வந்து சேர்ந்திருந்தது. தீபாவளிக்கு விற்க வேண்டிய சேலைகள், அவற்றோடு தேயிலைத் தோட்டத்துக்கான கம்பளிகள். கடை எனக்கும் என் மனைவியின் தம்பிக்கும் பொது. இரண்டு குடும்பத்துக்கும் அந்த மூட்டைகளை விட்டால் வேறு கதி இல்லை. அவற்றை ஊருக்கு வெளியே தோட்டத்து ஓரம் ஒரு தகரக் கொட்டகையில் போட்டுப் பூட்டினார்கள்.

முந்தின சனிக்கிழமை எதிர்க்கடைக்காரரின் சரக்கை எரித்தார்கள். ஈரத்துணி லேசில் பற்றுமா? மண்ணெண்ணெயை ஊற்றி ஊற்றிக் கொளுத்தினார்கள். அவர் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மழை கொட்டுகிறது, அந்த மழையில் காயவில்லை என்று சொல்லித் துணியைத் தீயில் போடுகிறார்கள். அதற்கு மேல் ஒரு கிறுக்குத்தனத்தை நான் இன்றுவரை கண்டதில்லை.

இன்ஸ்பெக்டர் பட்டணத்து ஆள். காதுவரை மஃப்ளர் சுற்றிக்கொண்டு, ஓயாமல் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பார். அவரை வழியிலேயே மறித்துச் சத்தம் போட்டேன்.

"ஏனுங்க ஐயா, வெயிலுக்கு நான் எங்கீங்க போறது? அதையும் மேட்டுப்பாளையத்துல இருந்து வண்டியில ஏத்திட்டு வரோணுங்களா?"

"என் மேல ஏன் பாயறீர், ராவுத்தரே? வெயில்னு எழுதியிருக்கு. நான் அதை அடிச்சுட்டு அடுப்புன்னு எழுதிக்கறதா?"

மைத்துனன் குறுக்கே வந்தான். "மச்சான், ஐயா மேலயே வெயில் பட்டு ரொம்ப நாளாச்சாட்ட இருக்குது. மொதல்ல அவரைக் காயப்போடுங்க."

இன்ஸ்பெக்டர் சிரித்து, சிரிப்பு இருமலாகி, கண்ணில் நீர் வரும்வரை இருமினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமையும் பனியோடுதான் விடிந்தது. கொட்டகை வாசலில் மண்ணெண்ணெய் டின் தயாராக இருந்தது. தோட்டத்துத் துரை தன் கூலியாட்களை அனுப்பியிருந்தார், விரிப்பதற்கு ஒரு சரிவையும் விட்டிருந்தார். அது தருமம் இல்லை. புதிதாக மலையேறிய ஆட்கள் தோட்டத்து லைன் வீடுகளில் கம்பளி இல்லாமல் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார்கள், வேலை நடக்கவில்லை. சாக்குப் போர்த்திய ஒரு பெண் என்னிடம் கேட்டாள்.

"ஏனுங்க, இந்தக் கம்பளியெல்லாம் எங்களுக்குங்களா?"

"முத்திரை விழுந்தா உங்களுக்கு. இல்லாட்டி நெருப்புக்கு."

அவள் வாசலில் இறக்கியிருந்த மூட்டையின் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தாள். பனியில் எதற்கு அவிழ்க்கிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். அப்போது காற்று திரும்பியது.

அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. துணியில் நூல் பிசகியிருக்கிறதா என்று பார்த்தே பழகிய கண் இது. பனி நடுவில் கிழிந்தது. கிழிசல் பெரிதாகி, பள்ளத்தாக்கு முழுக்கத் திறந்துவிட்டது. கீழே மேட்டுப்பாளையம், அதன் ஓரம் பவானி, அதற்கப்பால் நிலம் போய்க்கொண்டே இருந்தது. வெயில் அடித்தது. ஐப்பசியில், குன்னூரில், முதுகு சுடும் வெயில்.

"விரிங்கடி!" என்று அந்தப் பெண் கத்தினாள்.

அந்தச் சரிவில் தேயிலையைக் கவாத்து வெட்டியிருந்தார்கள். இலையில்லாத கட்டைச் செடிகள். அவற்றின் மேல் ஆளாளுக்கு வீசி விரித்தார்கள். அரக்கு, மஞ்சள், மயில் கழுத்து நிறம், இடையிடையே கறுப்புக் கம்பளி. சரிவின் அடிவரை துணி போயிற்று. கடைக்குள் மடித்து அடுக்கினால் நான்கு அலமாரிக்குள் அடங்குகிற சரக்கு, ஒரு மலையையே மூடிவிட்டது. சற்று நேரத்தில் கம்பளிகளிலிருந்து ஆவி எழுந்தது. மலை மூச்சுவிடுவதுபோல் இருந்தது.  அந்த மாதம் முழுவதும் ஏசிக்கொண்டே இருந்த என் வாயிலிருந்து "சுப்ஹானல்லாஹ்" என்று வந்தது. பக்கத்தில் இன்ஸ்பெக்டர் மஃப்ளரை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மத்தியானம் தாண்டியதும் பர்லியார்ப் பக்கத்திலிருந்து பனி ஏறியது. அடிச் சரிவில் சேலைகள் நிறம் நிறமாக மறைந்தன. எல்லாரும் ஓடி ஓடிச் சுருட்டிக் கொட்டகைக்குள் குவித்தோம். மேல் மடிப்புகள் அதற்குள் ஈரமாகிவிட்டன. இன்ஸ்பெக்டர் ஒரு கம்பளியைத் தொட்டார். முகம் சுருங்கியது.

"சில்லுனு இருக்கே, ராவுத்தரே."

  இன்ஸ்பெக்டரின் வேலையாள் மண்ணெண்ணெய் டின்னின் மூடியைத் திருகினான்.

இன்ஸ்பெக்டர் குவியலுக்குள் முழங்கைவரை கையை நுழைத்தார். நுழைத்தவர் அப்படியே நின்றார். வெளியே பனி வாசலை மறைத்தது. அவர் மற்றக் கையையும் உள்ளே விட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இருக்கு," என்றார். "உள்ளே இருக்கு வெயில்."

வேலையாள் மூடியைத் திருப்பி இறுக்கினான். அந்தப் பெண் சாக்கைக் கழற்றி எறிந்துவிட்டு வரிசையில் முதல் ஆளாக வந்து நின்றாள். இன்ஸ்பெக்டர் அசையவில்லை.

மைத்துனன் மெதுவாகச் சொன்னான். "ஐயா, கையை வெளிய எடுங்க. முத்திரை குத்தோணுமுங்க."