டிக்னாவின் இடது கை

மான்ட்டா துறைமுகச் சந்தையில் முப்பத்தொரு வருடம் மீன் அறுத்தவள் டிக்னா அஞ்சுந்தியா. வெடுக்கென்று பேசுவாள், கத்தி அதைவிட வேகம். கொர்வினா மீனை முள் வேறு சதை வேறாக அவள் பிரிப்பதைப் பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள். அத்தனையும் இடது கையால். போன மார்ச் மாதம் எதிர்ப்பக்கம் ஏறி வந்த பேருந்து ஒன்று, அவள் வந்த மூன்று சக்கர வண்டியை இடித்து, அந்தக் கையை மணிக்கட்டோடு கொண்டுபோய்விட்டது.

தப்பு தன்னுடையதுதான் என்று ஓட்டுநர் ஒத்துக்கொண்டான். வம்பு காப்பீட்டுக்காரர்களிடமிருந்து வந்தது. வேலை செய்யும் கை போனால் முழு இழப்பீடு, மற்றக் கை போனால் பாதி என்று அவர்களிடம் ஒரு பட்டியல். விசாரணையில் அவர்களுடைய வக்கீல் சால்வத்தியெர்ரா, டிக்னா கைப்பட எழுதிய பழைய பத்திரங்களை நீதிபதி அம்மாவின் மேசையில் பரப்பினார்.

“பாருங்கம்மா, எல்லாமே வலது கை எழுத்து. மணி மணியா இருக்கு. இவங்க வலது கைக்காரங்க. பாதிதான் வரும்.”

டிக்னாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏழு வயதில் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரி அவளுடைய இடது கையை நாற்காலியோடு கட்டிப்போட்டு, “பீச்சாங்கையால எழுதினா பிசாசுதான்டி படிக்கும்” என்று வலது கை விரல்களில் பிரம்பால் அடித்து வரவழைத்த எழுத்து அது. சந்தைக்கு வேலைக்கு வந்த பிறகுதான் அவள் இடது கையை நிம்மதியாக நீட்டினாள். அந்த அடியை இன்று ஒருவன் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து தன் பக்கச் சாட்சியாக்குகிறான். வயிறு எரியாதா?

“அடிச்சுக் கத்துக்குடுத்ததுய்யா அது! நான் சோறு தின்னது இடது கையோட உழைப்புல!”

“ஆதாரம் இருக்காம்மா?” என்று கேட்டார் நீதிபதி.

“இருக்கு. வாசல்ல உங்க காவலாளி புடுங்கி வெச்சிருக்கான்.”

செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் உள்ளே வந்தது. அவளுடைய கத்தி, பனிக்கட்டியில் வைத்த ஒரு கொர்வினா.

“கோர்ட்டுக்குக் கத்தியா கொண்டாந்தீங்க?” என்றார் நீதிபதி.

“வேறென்ன, பூவா கொண்டாருவேன்? இடது கைக்குன்னு ஒரு பக்கம் மட்டும் தீட்டின கத்திம்மா. நான் வலது கைக்காரின்னு சொன்ன ஐயாவ, அவரு வலது கையால அறுக்கச் சொல்லுங்க.”

“இது கோர்ட்டா, சந்தையா?” என்று வக்கீல் எகிறினார்.

நீதிபதியும் அதே ஊர்க்காரர், மீன் அறுக்கத் தெரிந்தவர். சட்டைக் கையை மடித்துக்கொண்டு கத்தியை வலது கையில் எடுத்தார். கத்தி முள்ளை விட்டு விலகி விலகி ஓடியது. பாதிச் சதை முள்ளோடு தங்கிவிட்டது. மீனைத் திருப்பிப் போட்டு இடது கைக்கு மாற்றினார். பழக்கமில்லாத கைதான், மெதுவாகத்தான் போனது. ஆனால் கத்தி முள்ளை ஒட்டியே வால் வரைக்கும் இறங்கியது.

“வேலை செஞ்ச கை இடது கைதான். முழு இழப்பீடு குடுக்கணும்,” என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

குமாஸ்தா தாளை நீட்டினார். டிக்னா வலது கையால் பேனாவைப் பிடித்து, கன்னியாஸ்திரி சொல்லிக்கொடுத்த அதே வட்ட வட்ட எழுத்தில் கையெழுத்துப் போட்டாள். ஜெயித்த சந்தோஷம் எதுவும் அவள் முகத்தில் இல்லை.

“நிஜமாவே அழகான கையெழுத்துங்க,” என்றார் வக்கீல், சமாதானமாகப் போகலாம் என்று நினைத்து.

டிக்னா கத்தியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“இத நீங்களே வெச்சுக்குங்க. இந்த அழகான கையால ஒரு மீனு அறுக்க முடியுமாய்யா எனக்கு?”