எங்கள் ஆட்கள் ஜெயித்த பிறகு

என் வீட்டுக்காரர் திட்டினால்தான் எங்கள் தறி ஓடும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நாங்கள் நெய்வது கோர்வைச் சேலை; உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஊடை நூல் ஓட்ட ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா என்று மூன்று ஓட வேண்டும். ஒரு ஆளால் ஆகிற வேலையா? உடலும் இடப்பக்கத்துக் கரையும் அவர் பார்த்துக்கொள்வார். வலப்பக்கத்துக் கரை நாடா என்னுடையது. கல்யாணமான புதிதில் அதை எந்த நேரத்தில் விடுவது என்று தெரியாமல் தடுமாறினேன், வசவும் வாங்கினேன். பிறகு பிடிபட்டது. ஊர் மன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களைத் திட்டாமல் அவருக்குத் தறியில் கால் நகராது.

"ரோடு போடறாங்களாம் ரோடு" என்பார். மிதி இறங்கும். "எவன் அப்பன் வூட்டுப் பணம்?" என்பார். அவர் நாடா என் பக்கம் ஓடி வரும். "கேக்கறதுக்கு ஆளே இல்லன்னு நெனச்சிக்கினாங்க" என்று முடிப்பார். நான் என்னுடையதை விடுவேன். என் பிள்ளைகள் தாலாட்டைவிட இதைத்தான் அதிகம் கேட்டு வளர்ந்தார்கள்.

அவருக்குத் திட்ட ஆள் இல்லாமல் போனதே கிடையாது. சென்னைக் கோட்டையில் யார் மாறி யார் வந்தாலும் எங்கள் ஊர் மன்றமும் எங்கள் வார்டும் எங்களுக்கு ஆகாத கட்சியின் கையிலேயே இருந்தன. மேலே கோட்டையிலும் அவர்கள் ஆட்சிக்கு வந்து பாதிக் காலம் ஓடிய நிலையில், ஊருக்கு மட்டும் தேர்தல் வந்தது. வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி எங்கள் கட்சி சார்பில் நின்றாள். கூடப் போகப் பெண்கள் வேண்டும் என்று என் வீட்டுக்காரர் என்னைக் கிளப்பிவிட்டார்.

"நீ சொன்னா கேப்பாங்கம்மா. குழாயடில உனக்குத்தான் பேரு" என்றார்.

அந்தப் புகழ்ச்சியில் மயங்கித்தான் போனேன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் ஒரு வாசல் விடவில்லை. எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், அதுவும் நூல் மாதிரி. "எங்களுக்குப் போட்டா தினம் தண்ணி வரும். வரலன்னா என்னக் கேளு" என்று ஒவ்வொருத்தியிடமும் கையைப் பிடித்துச் சொன்னேன். கட்சிக்காரர்கள் சொல்லிக்கொடுத்தது தண்ணீர் வரும் என்பது வரைக்கும்தான். "என்னக் கேளு" என்பது நானாகச் சேர்த்துக்கொண்டது.

ஜெயித்துவிட்டோம். வார்டு மட்டுமல்ல, மன்றமே கைமாறியது. மேலே அவர்கள், இங்கே நாங்கள். பட்டாசுப் புகையில் தெரு மறைந்தது. என் வீட்டுக்காரர் புதுக் கரைவேட்டி கட்டிக்கொண்டு ஜீப்புக்கு முன்னால் ஆடினார். அந்த மனிதர் ஆடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் தறியில் உட்கார்ந்தோம். மிதியை அழுத்தினார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். யாரைத் திட்டுவது? அவருடைய நாடா வந்தது எனக்குத் தெரியவே இல்லை. என் கை தாமதித்தது. கரையும் உடலும் சேருகிற இடத்தில் கோர்வை கோணிக்கொண்டது. பிரித்துத் திரும்பப் போட்டோம். மறுபடியும் கோணியது.

"இன்னாம்மா, தூங்கறியா?" என்றார்.

"நீங்க எதனா பேசுங்க" என்றேன்.

"இன்னாத்தப் பேசறது?"

ஜெயித்த வீட்டில் இழவு வீட்டு அமைதி. அந்தச் சேலையை முடிப்பதற்குள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல இருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது.

வாசலில் மட்டும் கூட்டம் குறையவில்லை. ஓட்டுப் போட்டவர்கள் வந்தார்கள், சரி. போடாதவர்களும் வந்தார்கள். "நாங்ககூட உங்களுக்குத்தான்க்கா போட்டோம்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அதையெல்லாம் நம்பினால் எதிர்க்கட்சி வேட்பாளருக்கு அவளுடைய ஓட்டே விழுந்திருக்கக் கூடாது. டீக்கடையில் எங்களைக் கண்டால் முகம் திருப்பிக்கொண்டவர்கள் இப்போது நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார்களாம். அவர் வந்து சொன்னார். சந்தோஷமாகச் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து தெருவைத் தோண்டினார்கள். பெரிய குழாய் பதிக்கப் போகிறார்கள் என்று பேச்சு. தோண்டியதோடு சரி. பள்ளம் இருந்தது, குழாய் வரவில்லை. முன்னே வந்துகொண்டிருந்த நூல் தண்ணீரும் நின்றுபோனது.

"என்னக் கேளு" என்றேன் அல்லவா, கேட்டார்கள். தலை வாரிக்கொண்டிருக்கும்போது கேட்டார்கள், மளிகைக் கடையில் கேட்டார்கள். ஒருத்தி கோயிலில், தீபாராதனைத் தட்டில் கையை ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டே கேட்டாள். குழாயடியில் எனக்கு இருந்த பேர் குழாயோடு சேர்ந்து காய்ந்தது. எதிர்வீட்டு அக்கா எதுவும் கேட்கவில்லை. அவர்கள் குடும்பமே தோற்ற கட்சி. இத்தனை வருஷம் என் வீட்டுக்காரர் கத்தும்போதெல்லாம், "ஒரே நாள்ல எல்லாம் ஆயிடுமாப்பா? பொறுமை வேணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். இப்போது வாசலில் நின்று யாரிடமோ பேசுகிற மாதிரி உரக்கச் சொன்னாள்:

"குழி தோண்டறாங்களாம் குழி. எவன் அப்பன் வூட்டுப் பணம்?"

என் வீட்டுக்காரர் உள்ளே தறியில் இருந்தார். கேட்டுவிட்டார். தன் சட்டையை வேறொருவர் போட்டுக்கொண்டு போவதைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், "ஒரே நாள்ல எல்லாம் ஆயிடுமாக்கா? பொறுமை வேணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கவுன்சிலர் வீட்டுக்கு நடையாய் நடந்தார். ஜெயித்த அந்தப் பெண்ணையும் குறை சொல்ல முடியாது. "மேல அவங்க இருக்காங்கண்ணா. நிதி வுடமாட்டேன்றாங்க. நீங்களே தெருவுல எடுத்துச் சொல்லுங்க" என்று அனுப்பினாளாம். சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அவருக்கே நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது எனக்குத் தெரிந்தது. தோற்றே போயிருந்தால் தேவலை என்று நினைத்தேன். நினைத்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது.

ஒருநாள் காலை தெருப்பெண்கள் காலிக் குடங்களோடு மறியலுக்குக் கிளம்பினார்கள். எதிர்வீட்டு அக்கா முன்னால். இதற்கு முன் நடந்த மறியல்களில் எல்லாம் முன்னால் நின்று கோஷம் போட்டவர் என் வீட்டுக்காரர். பின்னால் குடத்தோடு நான். அக்கா எங்கள் வாசலில் நின்றாள்.

"வர்றியா, இல்ல ஆளுங்கட்சியா நீ?" என்றாள்.

"போவாத" என்றார் அவர் உள்ளேயிருந்து. "நம்ம ஆளுங்கள நாமளே அசிங்கப்படுத்தறதா?"

"என்னக் கேளுன்னு சொன்னவ நான். அவங்க கூட நிக்கலன்னா நாளைக்கு எந்த மூஞ்ச வச்சிக்கினு தெருவுல நடப்பேன்?"

பச்சைக் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவர் தடுக்கவில்லை.

பெரிய ரோட்டில் உட்கார்ந்தோம். கோயிலுக்கு வந்த வேன்கள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. கொஞ்ச நேரத்தில் அவரே வந்தார், கரைவேட்டியோடு. எங்களை எழுப்ப ஆள் இல்லாமல் கவுன்சிலர் அவரைத்தான் அனுப்பியிருந்தாள். பெண்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். என் பக்கம் மட்டும் கண் வரவில்லை.

"ரெண்டு நாள் பொறுத்துக்கங்கம்மா. வேல நடந்துக்கினுதான் இருக்குது" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் குரலில் இருந்த கெஞ்சலைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. இந்த மனிதரை யாரும் இப்படிக் கெஞ்ச வைத்ததில்லை. எனக்கு ஆத்திரம் அவர்மேலா, அவரை அனுப்பியவர்கள்மேலா என்று பிரிக்கத் தெரியவில்லை. என்னையறியாமல் வாயில் வந்தது.

"கேக்கறதுக்கு ஆளே இல்லன்னு நெனச்சிக்கினாங்க!"

பெண்கள் அதையே பிடித்துக்கொண்டு கோஷமாகப் போட்டார்கள். அவர் கும்பிட்ட கையை இறக்கினார். பிறகு ரோட்டோரமாக நடந்து போய்விட்டார். முதுகு மட்டும் தெரிந்தது. நான் கோஷம் போடவில்லை, குடத்தை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் ஒரு லாரித் தண்ணீர் வந்தது. குழாயைப் பற்றிப் பேச்சில்லை. வீட்டில் அவர் சாப்பிட்டார், தட்டைக் கழுவினார், படுத்தார்.

மறுநாள் தறியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டிய சேலை, நாங்கள் சண்டை போட்டோம் என்று அந்தக் கல்யாணம் நிற்காது. அவர் மிதியில் காலை வைத்தபடி சும்மா இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. நானே ஆரம்பித்தேன்.

"தண்ணி வுடறாங்களாம் தண்ணி" என்றேன்.

மிதி இறங்கியது.

"ஓட்டு கேக்க வந்தப்போ மட்டும் கால் வலிக்கல."

அவர் நாடா என் பக்கம் ஓடி வந்தது. அடுத்த வரிக்கு முன்னால் நிறுத்திவிட்டேன். அதைத்தான் நேற்று நடுரோட்டில் அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தேன். நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

அவர் திரும்பவில்லை. கண் இழையிலேயே இருந்தது.

"சொல்லு" என்றார். "அத்தச் சொன்னாத்தான நாடா வுடுவ?"

"கேக்கறதுக்கு ஆளே இல்லன்னு நெனச்சிக்கினாங்க" என்று சொல்லி, நாடாவை விட்டேன்.